நின்றால் அணையும் விளக்கு

தேவாரம் கடைத்தெருவில், மரிய ஜோசப்பின் சைக்கிள் கடை வாசலில் அன்று இருந்தவர்கள் இவர்கள்தான். கடைக்காரர் மரிய ஜோசப். சைக்கிளுக்குப் பின்விளக்கு வாங்க வந்த சுருளியாண்டி. அவருடைய மாப்பிள்ளை கருத்தக்கண்ணன். கூண்டு வண்டிக்குள் சுருளியாண்டியின் மனைவி மொக்கம்மாள், மகள் பஞ்சம்மாள். பெண்கள் இருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண்கள் கடைத்தெருவில் இறங்கி நிற்கும் வழக்கம் கிடையாது. பேசுவதற்கு மட்டும் அந்தத் தடை இருந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, ஐப்பசி மாதம். கோம்பை ரோட்டில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. பண்ணைப்புரம் பக்கம் பருத்தி ஏற்றிப்போன மாட்டு வண்டியைப் பஸ் பின்னாலிருந்து இடித்து, ஒரு காளை அங்கேயே செத்தது. கருத்தக்கண்ணனுக்கு வேலை தேவாரத்து ஏலக்காய் மண்டியில், வீடு கோம்பையில். மண்டி அடைத்து அவன் புறப்படும்போது மேற்கு மலை சூரியனை விழுங்கியிருக்கும். அவன் வாசலில் வந்து மணி அடிக்கும்வரை பஞ்சம்மாளுக்குத் தண்ணீர்கூட இறங்குவதில்லை. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். மகள் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் சுருளியாண்டி வண்டி பூட்டச் சொன்னார்.

மரிய ஜோசப் இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தார்.

"இது பாட்டரி. கட்டை ரெண்டு போட்டுப் பொத்தானத் தள்ளுனா எரியும். இது டைனமோ. டயர்ல உரசிக்கிட்டே சுத்தும். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் செகப்பு. கட்டையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மிதிச்சா எரியும்."

"பாட்டரிக் கட்டை தீந்துபோனா?"

"வேற போடணும்யா. மதுரையில இருந்து வரணும்."

"அப்ப அது அடுத்தவன் தயவுல எரியுற விளக்கு. என் மாப்பிள்ளை தன் கால் பலத்துல போறவரு. டைனமோவப் பூட்டும்."

கூண்டுக்குள்ளிருந்து பஞ்சம்மாள் கேட்டாள். "அப்பா, மிதிக்கலைன்னா?"

"மிதிக்காததுக்குச் சைக்கிள் எதுக்கு ஆத்தா?"

"பிள்ளை கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க" என்றாள் மொக்கம்மாள். "நின்னா எரியுமா, எரியாதா?"

"நடு ரோட்டுல எவன் நிப்பான்?"

எல்லாரும் கருத்தக்கண்ணனைப் பார்த்தார்கள். அவன் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே, "மாமா சொல்றதே இருக்கட்டும்" என்றான்.

"மாமா மலையத் தூக்கிப் பின்னால கட்டுனாலும் நீக சரின்னுதான் சொல்வீக" என்றாள் மொக்கம்மாள். பஞ்சம்மாள் சிரித்ததில் வண்டி லேசாக ஆடியது.

டைனமோ பூட்டப்பட்டது.

சுருளியாண்டியின் தோட்டம் கோம்பை ரோட்டின் ஓரத்தில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அவர் தோட்டத்திலிருந்து தேவாரத்து வீட்டைப் பார்த்து நடப்பார். மாப்பிள்ளை மண்டியிலிருந்து எதிரே வருவான். பெரியவர்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதுதான் மரியாதை. இறங்காமல் போனவனைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். கருத்தக்கண்ணன் பத்து முழத்துக்கு முன்பே குதித்து இறங்கிவிடுவான். ஒரு கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்பான். காட்டிலிருந்து திரும்பும் சனம் அதைப் பார்த்துக்கொண்டே போகும். சனம் பார்ப்பதைச் சுருளியாண்டி பார்க்காததுபோல் பார்ப்பார். அவருக்கு அன்றைய நாளின் ருசியே அதுதான்.

"பிள்ளை என்ன சாப்பிடுது?"

"புளிச்சதாத்தான் கேக்குது மாமா."

"கேட்டதக் குடுங்க. அவ ஆத்தாளும் அப்பிடித்தான், புளியமரத்தையே மொட்டையடிச்சா."

இப்படி ஆரம்பித்தால் கிணற்றுத் தண்ணீர், ஏலக்காய் விலை என்று பேச்சு நீளும். நீட்டுவது எப்போதும் மாமனார்தான். அவர் பார்வை மாப்பிள்ளையின் முகத்தில் இருக்கும். சைக்கிளின் பின்புறம் இருண்டு கிடந்ததை அவர் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

கார்த்திகை பிறந்த வாரத்தில், தூறல் விழுந்த ஒரு மாலையில், இருவரும் வாய்க்கால் வளைவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ரோடு குறுகல். ஒதுங்குவதற்கு இடமில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சோளக்காட்டுக்குச் சரிவு. மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், வளைவைத் திரும்பிப் பஸ் வந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்ததும் சுருளியாண்டி எதையும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இருவரும் சரிவில் உருண்டார்கள். சைக்கிளின் பின்சக்கரத்தை நெரித்துவிட்டுப் பஸ் நின்றது.

டிரைவர் பிலவேந்திரன் நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தார். ஆள் உயிரோடு இருப்பதைக் கண்டதும் நடுக்கம் கோபமாக மாறியது.

"ஏய்யா பெருசு! வெளக்கு இல்லாம நடு ரோட்டுலயா மாமன் மச்சான் பேச்சு?"

"வெளக்கு இருக்கு! டைனமோ வெளக்கு!"

"எங்கன இருக்கு? காட்டும் பாப்போம்."

சுருளியாண்டி திரும்பிப் பார்த்தார். நெளிந்த சக்கரத்தின் மேல் சிவப்புக் கண்ணாடி உடையாமல்தான் இருந்தது. அதில் பொட்டு வெளிச்சம் இல்லை.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தமக்காக அவன் இறங்குகிறான். அவன் இறங்குவதால் விளக்கு அணைகிறது. மகள் எந்தப் பஸ்ஸுக்குப் பயந்து விளக்குக் கேட்டாளோ, அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் அவள் புருஷனை இருட்டில் நிறுத்தி வைத்தது தாமேதான்.

மறுநாள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். "அந்தப் பாட்டரியையே மாட்டும்" என்றார்.

மரிய ஜோசப் உடனே எடுத்துவிடவில்லை. "மாட்டுறேன்யா. ஆனா ஈரத்துல கட்டை கசிஞ்சு சொல்லாமக் கொள்ளாமச் செத்துப்போகும். பின்னால இருக்கிறது ஓட்டுறவருக்குத் தெரியாது, எரியுதுன்னே நெனச்சுப் போவாரு. டைனமோ உரசுற சத்தம் காலுக்குத் தெரியும், காதுக்கும் தெரியும். மழைக்காலத்துக்கு அதுதான் நம்பிக்கை. ஆனா நிக்கக் கூடாது."

சுருளியாண்டி வெகுநேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு டைனமோவே இருக்கட்டும் என்றார். நேரே மண்டிக்குப் போய் மாப்பிள்ளையை வெளியே கூப்பிட்டார்.

"இனி ரோட்டுல என்னையக் கண்டா இறங்காதீக. மிதிச்சுக்கிட்டே போயிருங்க."

மாமா எதைச் சொன்னாலும் சரி என்பவன் அன்று தலையை ஆட்டவில்லை. "அது மட்டும் முடியாது மாமா. ஒங்களக் கண்டு ஏறி ஒக்காந்துக்கிட்டுப் போனா, பொண்ணு குடுத்த வீட்ட மதிக்காதவன்னு ஊரு பேசும். ஊரு பேசாட்டியும் என் காலு கேக்காது, தானா இறங்கிரும்."

"நான் சொல்றேனே!"

"பஸ்ஸு வந்தா வரட்டும். நான் இறங்கத்தான் செய்வேன்."

சுருளியாண்டிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அவர் முகம் மலர்ந்திருந்ததை மாப்பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவு வேகமாக நடந்தார்.

சக்கரம் சரியாகி வந்த அன்று மாலை, வளைவுக்கு அப்பால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. தாசில்தார் வண்டி வந்தாலும் நடுரோட்டை விட்டு ஒதுங்காத சுருளியாண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிச் சோளக்காட்டுக்குள் குந்தினார். டைனமோ உரசும் சத்தம் தலைக்கு மேலே கடந்து போனது. எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் முதுகுக்குக் கீழே சிவப்பு வெளிச்சம் திடமாக எரிந்துகொண்டு போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகே ரோட்டில் ஏறினார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. வேட்டியில் ஒட்டியிருந்த சோளத்தோகையை மொக்கம்மாள் எடுத்துப் போட்டாள்.

"பொழுதோட வீட்டுக்கு வந்துட்டா இந்த வம்பே இல்லையே. எதுக்கு இந்த வயசுல ஒளிஞ்சு வெளையாட்டு?"

"தண்ணி பாய்ச்ச வேண்டாமா?"

"மழை பேயுது. தண்ணி பாய்ச்சுறாகளாம்!"

அந்தச் சிவப்பு வெளிச்சம் வளைவைத் தாண்டிப் போவதைப் பார்க்காமல் இரவுச் சோறு அவருக்கு இறங்காது. மகளுக்கு இருந்த வியாதி அப்பனுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு மாலை, வழக்கம்போல் குந்தியிருந்தார். சத்தம் தலைக்கு மேலே வந்தது. மிதிக்கும் வேகம் குறையவில்லை, விளக்கும் மங்கவில்லை. சோளக்காட்டைப் பார்த்துக் குரல் மட்டும் வந்தது.

"போயிட்டு வாரேன் மாமா! பனியில ஒக்காராதீக!"

சுருளியாண்டி மூச்சுக்கூட விடவில்லை. பதில் கொடுத்தால் அவன் இறங்கிவிடுவான்.

அந்த ரோட்டில் நடமாடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? சுருளியாண்டிக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு அற்றுப்போனது, சீர் விஷயத்தில் மனஸ்தாபம், மாமனார் மருமகன் முகத்தில் விழிக்க முடியாமல் காட்டுக்குள் ஒளிகிறார் என்று தேவாரத்திலும் கோம்பையிலும் சொன்னார்கள். இன்றும் சிலர் சொல்கிறார்கள்.

அது பொய். மனஸ்தாபம் ஒன்றும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கருத்தக்கண்ணன் மாமனார் வீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். சுருளியாண்டி சோளக்காட்டில் ஒதுங்கியது மாப்பிள்ளையின் பின்விளக்கு அணையக் கூடாது என்பதற்காக. வேறு காரணம் எதுவும் கிடையாது.