பூ வைத்து மறைத்த வார்த்தை

பிரேக்கக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் வலது கால்தான் அழுந்தும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங் பிடித்தவர் தப்புச் செய்யும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். பேரும் அப்படித்தான் வந்தது. அக்காவுக்குக் காலில்தான் பிரேக், வாயில் கிடையாது என்று அவளிடம் படித்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அன்று அந்தப் பெரிய வீட்டு ஹாலில் சோபாவில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவள் கால் தரைவிரிப்பை மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

எதிரே இருந்தவள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. சொந்தக்காரி, ஆனால் முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்ததுமே, "ரொம்ப தூரத்துச் சொந்தம்தான், இல்லீங்களா?" என்று ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

பிரேக்கக்கா வந்தது ஒரே ஒரு கையெழுத்துக்காக. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பளிங்குச் சமாதி இருக்கிறது. அதன் கால்மாட்டில், நாய்க்கு வைத்த மாதிரி ஒரு சின்னக் கல். அதில் துரையின் 'விசுவாசமான வேலைக்காரி' என்று வெட்டியிருக்கிறது. பேர்கூட இல்லை. அந்த வேலைக்காரிதான் பிரேக்கக்காவின் கொள்ளுப்பாட்டி. துரைக்கு இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்தவள். பிரேக்கக்காவின் அம்மா அங்கே போகும்போதெல்லாம் அந்த வார்த்தைகள் தெரியாதபடி கொண்டுபோன பூவை அவற்றின் மேலேயே பரப்பி வைப்பாள். இப்போது அம்மாவுக்கு நடை குறைந்துவிட்டது. "நான் இன்னொரு தடவை போறதுக்குள்ள அதை மாத்திடு. பூவை ஒருநாளாவது ஒழுங்கா கால்கிட்ட வைக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

இடம் துரை குடும்பத்துக்குச் சொந்தம், அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் சம்மதித்தால் கல்லை மாற்றலாம் என்று தோட்டத்து மேலாளர் சொன்னார். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர்கள் இந்தத் தலைமை ஆசிரியையும் வெளியூரில் வேலை பார்க்கும் அவள் மகளும்தான். மகளைத்தான் முதலில் தெரியும். வம்சம் பார்க்கிற எச்சில் பரிசோதனையில் இரண்டு பேரும் ஒரே அம்மா வழி என்று வந்து, அவளே தேடிப் பிடித்துப் பேசினாள். முதல் போனிலேயே வாய் நிறைய 'சித்தி' என்று கூப்பிட்டாள். நானே கையெழுத்துப் போடுவேன் சித்தி, ஆனா அம்மா போட்டாத்தான் அழகு, ஒரு தடவை கேட்டுப் பாருங்க என்றும் சொன்னாள். அதனால்தான் இந்த சோபா, இந்த டீ, இந்தக் கால் அழுத்தம் எல்லாம்.

தலைமை ஆசிரியை துரையின் பெருமையை நிறுத்தாமல் பேசினாள். அவர் போட்ட பாலம், அவர் வைத்த மரங்கள், சுவர் நிறையத் தொங்கும் அவர் படம். தன் பாட்டியைத் துரையும் துரைசானியும் தங்கச் சிலை மாதிரி வளர்த்தார்களாம். வளர்த்தார்கள், வாஸ்தவம்தான். பெற்றது யார்? கால்மாட்டில் கிடக்கிறவள்தான். மூத்தது சிவப்பாகப் பிறந்தது, பங்களாவுக்குள் போய்த் துரைசானியின் மகளாகிவிட்டது. இளையது கறுப்பாகப் பிறந்தது, ஒரு தையற்காரர் வீட்டுக்குத் தள்ளிவிடப்பட்டது. மூத்தவளின் பேத்தி தலைமை ஆசிரியை, இளையவளின் பேத்தி பிரேக்கக்கா. பாட்டிகள் கூடப்பிறந்தவர்கள் என்றால் நம் கணக்கில் இவர்களும் அக்கா தங்கைதான். தூரத்துச் சொந்தமாம்! கேட்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லில் மனைவி என்று போடக் கேட்டபோது தலைமை ஆசிரியை சிரித்தாள். பரீட்சையில் தப்பாக எழுதிய பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "கல்யாணம் நடந்ததுக்கு ஆதாரம் வேணுமேங்க. சும்மா எழுதிட முடியுமா?"

பிரேக்கக்காவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவை நினைத்து அடக்கிக்கொண்டு, முகம் கழுவ வேண்டும் என்று எழுந்தாள்.

குளியலறைக்குப் போகிற வழி ஜன்னலில்லாத இருட்டு. அங்கேயும் சுவரில் படங்கள். ஹாலில் இருந்ததெல்லாம் வெள்ளை முகங்கள், வெளுத்த முகங்கள். உள்ளே போகப் போக மாநிறம், பிறகு கறுப்பு. யாரோ சல்லடையில் மாவு சலிப்பதுபோல் மனிதர்களைச் சலித்து மாட்டியிருந்தார்கள். கடைசியில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், பட்டமளிப்பு அங்கியோடு ஒரு பெண். வாயெல்லாம் சிரிப்பு, நல்ல கறுப்பு. போனில் பார்த்த முகம்தான். சித்தி என்று கூப்பிட்ட பெண், இந்த வீட்டின் ஒரே பிள்ளை. பெற்ற தாயே அவளைக் கொண்டுபோய்க் கக்கூஸ் வாசலில் மாட்டியிருக்கிறாள். பிரேக்கக்கா முகம் கழுவாமலே திரும்பி வந்தாள்.

"உங்க பொண்ணு படம் ஏன் அங்க இருக்கு?"

"அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கும்" என்றாள் தலைமை ஆசிரியை, கண் இமைக்காமல்.

அந்தப் பொய்யைக் கேட்டதும் பிரேக்கக்காவுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இத்தனை நாளும் தானும் அம்மாவும் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? பெற்ற பிள்ளையை நிறம் பார்த்துத் தள்ளிவிட்ட மனுஷனுக்குப் பெண்டாட்டி என்கிற பட்டத்தையா? அவனுக்கு மனைவியாக இருந்து அந்த மகராசிக்கு என்ன பெருமை வந்துவிடப் போகிறது? பையிலிருந்து சம்மதத் தாளை எடுத்தாள். மனைவி என்று எழுதியிருந்ததை அடித்தாள். இரண்டு பெண்களின் அம்மா என்று எழுதி மேஜைமேல் தள்ளினாள்.

"மனைவி வேண்டாம்க்கா. அம்மான்னு போடுங்க. இதுக்கு ஆதாரம் தேட வேண்டாம், நாம ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்திருக்கோம்."

தலைமை ஆசிரியைக்கு முகம் சுண்டிப்போனது. பரிசோதனை விஷயத்தை மகள் என்றைக்கோ சொல்லியிருக்க வேண்டும். அது என்ன, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், மூடினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். அதுவரை இருந்த 'ங்க' காணாமல் போயிருந்தது.

"இங்க பாரும்மா. நான் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து இருக்கணும். இரண்டுங்கறத ஒண்ணுன்னு மாத்து. ஒரு பொண்ணோட அம்மா. அது உன் பாட்டியாவே இருந்துட்டுப் போகட்டும். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், நாளைக்கே கல் மாறிவிடும். அம்மாவின் ஆசையும் தீர்ந்துவிடும். பிரேக்கக்கா ஒரு கணம் தாளையே பார்த்தாள். அந்தக் காலத்தில் துரை செய்ததும் இதுதானே, பிள்ளைகளில் ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை எண்ணியது. இப்போது அதே கணக்கைத் தன் கையாலேயே எழுதச் சொல்கிறாள் இந்த மகராணி.

"அவ ரெண்டு பெத்தா. ஒண்ணைக் கழிக்க நான் யாரு, நீங்க யாரு?"

தாளை மடித்துப் பையில் வைத்தாள். வாசலுக்குப் போகாமல் நேரே உள்ளே போனாள். குளியலறைக் கதவோரம் இருந்த படத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, தான் உட்கார்ந்திருந்த சோபாவில் நிமிர்த்தி வைத்தாள். நேர் மேலே துரை.

"கையெழுத்துப் போட உங்க பொண்ணு வருவா. அது வரைக்கும் இங்க உக்காந்திருக்கட்டும்."

தலைமை ஆசிரியை எழுந்தாள். படத்தை எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தாள் பிரேக்கக்கா. அவள் எடுக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

பிரேக்கக்கா போய் அதைத் திறந்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.