வடிக்காத குளம்

என் மனைவி மாலதி தஞ்சாவூரில் குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் பொறியாளராக இருந்தாள். கடைசி சில வருடங்கள் அவளுக்கு ஒரே வேலை. கடலோர ஊர்களுக்கு 2055 வரை குடிநீர் எங்கிருந்து வரும் என்று திட்டம் போடுவது. காலையில் பல் துலக்கிக்கொண்டே அந்த வருடத்தைப் பற்றிப் பேசுவாள். அந்தக் காலத்து ஜனங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருப்பது போலவும், மத்தியான வெயிலில் வந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்கப் போவது போலவும் இருக்கும் அவள் பேச்சு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கொள்ளிடத்து மணலில் கிணறு இறக்கிக் குழாயில் கொண்டுவரும் தண்ணீரைத்தான் கடலோரத்தில் அநேக ஊர்கள் குடிக்கின்றன. வீடுகள் கூடக்கூடக் குழாயும் கூடியது. ஆறு கூடவில்லை.

"எல்லாரும் கொள்ளிடத்தை நம்புனா, கொள்ளிடம் யாரை நம்பும், சொல்லுங்க" என்பாள் என்னிடம்.

அவள் திட்டத்தில் குழாய்க்குப் பாதிப் பங்குதான். மீதிக்கு ஊருக்கு ஒரு குளம். அதைக் குடிப்பதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். ஆள் இறங்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, கோடையில் வடிக்கக் கூடாது.

வடிக்கக் கூடாது என்றதில்தான் வம்பு வந்தது. எங்கள் ஊரில் சித்திரையில் குளத்து மீனை ஏலம் விடுவார்கள். டீசல் இஞ்சின் வைத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு இறைத்துவிட்டு, சேற்றில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. அதன்பின் ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும்வரை, நடுவில் ஒரு குட்டைத் தண்ணீர் தவிர, குளம் வெடித்துக் கிடக்கும். அந்த மாதங்களில் அடிபம்பில் உப்பு ஏறும்.

ஒரு ஊரில் செய்து காட்டிவிட்டுத்தான் மற்ற ஊர்களுக்குப் போக வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னபோது மாலதி என் ஊரையே கேட்டு வாங்கினாள். திருவாரூருக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர்.

"வேற ஊர்ல ஆபீசரைத் திட்டி அனுப்பிடுவாங்க. உங்க ஊர்ல மருமகளைத் திட்டுவாங்க. திட்டிட்டுச் சோறு போடுவாங்க" என்றாள்.

மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதற்குக் கொஞ்சம் முன்புதான் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். இனி வைத்தியத்தால் பெரிதாக ஆகப்போவதில்லை என்பதையும் சொல்லிவிட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது. தொளதொளத்துப் போன ரவிக்கைக்கு ஊக்கு குத்திக்கொண்டு வந்து நின்றாள்.

முதலில் எழுந்தவன் என் சித்தப்பா மகன் வைரக்கண்ணு. குளத்தை வடிக்கிற இஞ்சின் அவனுடையது.

"அண்ணி, எங்கப்பா காலத்துலேந்து வடிக்கிறோம். குளம் எங்கயும் ஓடிப்போயிடல."

"குளம் ஓடல தம்பி. அடியில இருந்த நல்ல தண்ணி ஓடிடுச்சு. நல்ல தண்ணி எப்பவும் மேல உக்காந்து அமுக்கிக்கிட்டே இருக்கணும். அது எந்திரிச்சா அந்த எடத்துல உப்பு வந்து உக்காந்துக்கும்."

"பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரில்ல சொல்றீங்க."

"அதேதான். நாம வருஷா வருஷம் துண்டை எடுத்துடுறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். வைரக்கண்ணு விடவில்லை.

"2055ல இந்த ஊர்ல யாரு இருக்கப் போறா? பாதிப் பேரு சிங்கப்பூரு, மீதிப் பேரு திருப்பூரு."

"பிடாரி திருவிழாவுக்கு வருவாங்கல்ல? தண்ணி குடிக்காமயா திரும்பிப் போவாங்க?"

"சரி, இதச் சொல்லுங்க" என்றான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "ஒருத்தர் செத்தா சுடுகாட்டுலேந்து வந்து எங்க முழுவறது? கோடையில வாய்க்கால் காஞ்சு கெடக்கும். குளத்துல கடைசியா கெடக்குற தண்ணியிலதான் முழுவிட்டு வீட்டுக்குப் போறோம். அதையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

மாலதி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியல தம்பி. அதை ஆபீசு சொல்ல முடியாது. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

ஒன்றும் முடிவாகாமலே கூட்டம் கலைந்தது. "பாப்போம் அண்ணி" என்று மட்டும் வைரக்கண்ணு சொன்னான். மாலதி சொன்னபடியே அவன் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு; அவன் மனைவி பிரகதாம்பாள் பரிமாறினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாலதி என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "ஒரு ஆள் முழுவுறதால குளம் கெட்டுடாதுங்க. ஆனா ஒரு சாவுக்கு விட்டா எல்லாச் சாவுக்கும் விடணும். அப்புறம் மாட்டுக்கும் விடுவாங்க. இஞ்சினும் வந்துடும்."

பங்குனியில் அவளால் அலுவலகம் போக முடியவில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து படுக்கையில் கிடந்தபடி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இஞ்சினை இறக்கிட்டானா?" நான் போன் செய்தால் வைரக்கண்ணு பிடி கொடுக்க மாட்டான். "நேர்ல வர்றேண்ணே" என்பான்.

சித்திரைக் கடைசியில் டிபன் கேரியரோடு வந்தான். அவளைப் பார்த்ததும் கண்களைச் சுவர்க் காலண்டருக்கு மாற்றிக்கொண்டான்.

"வடிச்சீங்களா, தம்பி?"

"மொதல்ல சாப்பிடுங்க அண்ணி. பிரகதாம்பாள் உங்களுக்குன்னே வச்சது."

அப்போது அவளுக்குக் கஞ்சியே இறங்குவதில்லை. இருந்தாலும் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கெண்டைத் துண்டில் முள் எடுத்து நகக்கண் அளவு ஊட்டினேன். வடித்த குளத்து மீனில், எவ்வளவு புளி ஊற்றினாலும், ஒரு சேற்று வாசம் நிற்கும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது பழகிய வாசம். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள்.

"சேத்து வாசம் இல்ல" என்றாள் என்னிடம். "வடிக்காம வலை போட்டிருக்கான்."

"நாள் பூரா வலையை இழுத்தோம் அண்ணி. பாதி மீன்கூட ஆப்புடல. மிச்சமெல்லாம் உங்களைக் கும்பிட்டுக்கிட்டுத் திரியுதுங்க."

"திரியட்டும். அதுங்களுக்கும் 2055 வரைக்கும் தண்ணி உண்டு."

இன்னொரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவன் புறப்பட்டபோது வாசலில் செருப்பு மாட்டவே அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

வைகாசியில் மாலதி போய்விட்டாள். ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தாள். கொள்ளி நான்தான் வைத்தேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது முன்னால் நான் நடந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எங்கே முழுகினேனோ அங்கேயே கால்கள் போயின. வைகாசி மாதத்தில் அந்தக் குளத்தில் அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. பாதிப் படி மூழ்கியிருந்தது. அவள் சொன்னது எதுவும் அப்போது நினைவில் இல்லை. தலை முழுக வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. முதல் படியில் கால் வைத்தேன். பின்னால் வந்தவர்கள் கரையில் நின்றுவிட்டார்கள். நான் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"அண்ணே, அங்க வேணாம்" என்றான் வைரக்கண்ணு.

எனக்குப் புரியவில்லை.

"குளத்துல ஆள் எறங்கக் கூடாதுன்னு அண்ணி சொன்னது. மொதல் சாவுலயே, அதுவும் அவங்க சாவுலயே, நாம மீறுனா நல்லா இருக்காதுண்ணே. இப்படி வாங்க."

என் கையைப் பிடித்துச் சாலையோர அடிபம்புக்குக் கூட்டிப்போனான். பக்கத்து வீட்டிலிருந்து குடம் வந்தது. அவனே அடித்தான். ஒருவர் பின் ஒருவராகக் கல்லில் உட்கார்ந்தோம். தண்ணீர் மெல்லத்தான் வந்தது. காத்திருந்த பெரியவர் குஞ்சிதபாதம் முணுமுணுத்தார்.

"இது முழுக்காய்யா? தலைக்கு மேல தண்ணி போவ வேணாமா?"

"போவும், உக்காருங்க பெரியப்பா" என்று வைரக்கண்ணு ஒரு குடத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தான். யாரோ லேசாகச் சிரித்தார்கள். மாலதி இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

என் தலையில் ஊற்றிய தண்ணீர் வாய்க்குள்ளும் போயிருந்தது. உப்பாகத்தான் இருந்தது. இந்த பம்புத் தண்ணீர் எப்போது குடிக்கிற மாதிரி ஆகும் என்று ஒரு நாள் மாலதியைக் கேட்டிருக்கிறேன்.

"அஞ்சாறு வருஷம் ஆகுங்க" என்றாள். "குளத்தை விட்டு வச்சாங்கன்னா."

அடுத்த ஆளுக்காக வைரக்கண்ணு அடித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் அவன் கையிலிருந்து பிடியை வாங்கிக்கொண்டேன்.