ஜக்கம்மாள் வீட்டுச் சேம்பர்

“அந்தப் பக்கத்து ஓட்டைய அடைச்சுட்டு அப்புறம் மத்த சோலியப் பாருங்க பாய்” என்றாள் பாப்பம்மாள்.

குழிக்குள் நின்ற கொத்தனார் ஜாசிம் கரண்டியோடு நிமிர்ந்தான். கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சேம்பர், இடுப்பளவு செங்கல் தொட்டி. மேல்பக்கச் சுவரில் ஒரு வாய், பக்கச் சுவரில் ஒரு வாய். மேட்டில் பாப்பம்மாளின் மகன் ஜெயமுருகன் நடத்தும் ஹோம்ஸ்டே விடுதியின் கழிவுக் குழாய்க்கு மேல்வாய். ஜக்கம்மாள் வீட்டுக் கழிப்பறைக்குப் பக்கவாய். இரண்டும் இங்கே சேர்ந்து ஒரே குழாயாகச் சரிவில் இறங்கி, ரோட்டடியில் புதிதாகப் போட்ட பெரிய குழாயில் விழ வேண்டும் என்பதுதான் பேச்சு. குழி வெட்டியிருந்ததும் ஜக்கம்மாளின் நிலத்தில்தான்.

ஜக்கம்மாள் மலைச்சனம். அவளுக்கு வாய்த்தது இரண்டு சென்ட் பட்டாவும், ஜெயமுருகனின் மூன்று அறைகளுக்கும் கக்கூஸ் கழுவும் வேலையும். அரசாங்கம் கட்டிக்கொடுத்த கழிப்பறை ஒன்று அவளுக்கும் இருந்தது. பீங்கான், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. போக்குக் குழாய் மட்டும் இல்லை. குழி தோண்டலாமென்றால் இரண்டடிக்குக் கீழே பாறை. ஆகவே அதில் விறகு குடியிருந்தது. வீட்டார் வெள்ளனே மரக்கூட்டத்துக்குள் போய்வந்தார்கள். மூடுபனியில் காட்டுமாடு எங்கே நிற்கிறதென்று தெரியாது. மகள் ராஜேஸ்வரிக்கு இது ஏழாம் மாதம். போன வாரம் பத்தடி தூரத்தில் ஒன்று மூச்சு விட்ட பிறகுதான் அது நிற்பதே அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஜக்கம்மாளுக்கு உறக்கமில்லை.

ஜெயமுருகனுக்கும் உறக்கமில்லை. அவருடைய கழிவுத்தொட்டி நிரம்பி வழிந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி கழிவு இணைப்பைப் பார்வையிட வருகிறார். மற்ற பக்கமெல்லாம் பாறை. ரோட்டை வெட்டவும் ஜக்கம்மாள் நிலத்துக்கு நேரே ஓரிடத்தில்தான் அனுமதி. அதனால்தான் அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஜக்கம்மாள் வாசலுக்கு இறங்கி வந்து, “ஒன் எடத்துல பைப் போகட்டும், ஒன்னோடதையும் சேத்து விட்டுர்றேன்” என்று சொல்லிப் போயிருந்தார்.

“நம்ம வீட்டுதும் இவ வீட்டுதும் ஒண்ணாக் கலந்தா குலசாமி வீட்டுல தங்குமா?” என்றாள் பாப்பம்மாள்.

“அம்மா, வாட்டம் கீழ பாத்துத்தான் இருக்கு. அக்கா வீட்டுத் தண்ணி மேல ஏறி ஒங்க வீட்டுக்கு வராது.”

“தண்ணி வராது. ஆவி வரும்ல? எங்க சாமி ரூம் பக்கத்துலதான் ஆவிக் கொழாய் நிக்கிது.”

ஆவிக்கும் சாதி உண்டென்பது ஜாசிமுக்குப் புதுச் செய்தி. இருபது வருடத் தொழிலில் அவன் மூக்கு அதைக் கண்டுபிடித்ததில்லை.

“ரூமுக்கு வர்றவுககிட்ட ஆதார் கார்டுதான வாங்குறீங்க. அதுல சாதி போட்டிருக்காதுங்களே” என்றாள் குழியோரம் நின்ற ஜக்கம்மாள் தாழ்ந்த குரலில்.

அம்மாவின் பக்கத்தில் நின்ற ஜெயமுருகன் நெளிந்தார். இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள் என்று விருந்தாளிகளிடம் ஆங்கிலத்தில் அழகாகச் சொல்பவர் அவர். தமிழில் வேறு மாதிரிதான் வந்தது. “எனக்கு ஒண்ணுமில்ல ஜக்கம்மா. அம்மா மனசு சங்கடப்படுது. வெள்ளிக்கெழம ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். அப்புறமா ஒனக்குத் தனியா ஒண்ணு பண்ணிருவோம்.”

அவருடைய அப்புறமாவை ஜக்கம்மாள் பதினோரு வருடமாகப் பார்த்து வருகிறாள். அதற்குள் மகளுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போய்விடும்.

“தனியா எப்படிங்க? ரோட்டுக்கு ஒரே பைப்தான்” என்றான் ஜாசிம். “அக்காது ஒங்கதுல சேரணும். இல்லாட்டி கீழ அக்காவுக்கு ஒரு சேம்பர் கட்டி, ஒங்கது அதுல வந்து சேரணும்.”

பாப்பம்மாள் யோசித்தாள். முகம் தெளிந்தது. “அதுல தோசமில்ல. நம்மது அங்க போகலாம். குடுக்குறதுல என்ன குத்தம்? வாங்குனாத்தான் தீட்டு.”

அந்த நியாயப்படிதான் முந்தின நாள் இட்லியும் கிழிந்த போர்வையும் இத்தனை வருடமாகக் கீழே இறங்கி வந்தன. ஜக்கம்மாள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் மேலே போனதில்லை. இப்போது இந்தத் தானமும் வருகிறது. ஜக்கம்மாள் வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“சரிங்கம்மா, நீங்க சொன்னபடியே ஆகட்டும்” என்றாள். “கீழ இருக்கிறது எங்க சேம்பர். வாங்குறது நாங்க. வாங்க எடம் வேணும்ல? பாய் மொதல்ல எங்கதக் கட்டி எங்க பைப்ப மாட்டட்டும். எம்மக போயிட்டு வந்து, ஊத்துன தண்ணி ரோட்டுக் கொழாய்ல விழுகுறதப் பாத்தபொறவு ஒங்களுத சேத்துக்கிறோம்.”

“நாள் இல்லையே” என்றார் ஜெயமுருகன்.

“அப்ப வெரசா கட்டச் சொல்லுங்க.”

“முடியாதுன்னா?”

“இது எங்க நெலம்ங்க. மண்ணத் தள்ளி மூடிருவோம்.”

குரலில் ஏற்றமில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் மட்டும் கைவிரல்களில் இருந்தது. அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அவசரத்துக்கு ஆள் கிடைக்காததால் ஜெயமுருகனே மேட்டிலிருந்து செங்கல் சுமந்தார். ஜாசிம் மேல் சேம்பரின் பக்கவாயை அடைத்துவிட்டு, ஜக்கம்மாளின் குழாயைக் கீழே கட்டிய புதுச் சேம்பருக்குள் நேராகக் குத்தவிடாமல், தண்ணீர் போகும் பக்கம் சாய்த்துச் சேர்த்தான். நேராக விட்டால் கழிவு எதிர்ச்சுவரில் மோதித் தங்கிவிடும். வியாழன் மத்தியானம் ராஜேஸ்வரி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஜக்கம்மாள் சேம்பருக்கு மேல் குனிந்து நின்றாள். தண்ணீர் வந்தது, வளைந்தது, தங்காமல் போயிற்று. அவள் கண் கலங்கியதை ஜாசிம் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, ஹோம்ஸ்டே குழாயை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மேல் சேம்பரைத் திறந்து பார்த்தார். கீழே இறங்கி அடுத்ததைத் திறக்கச் சொன்னார்.

“இது யாரோட சேம்பர்?”

ஜெயமுருகன் பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களுதுங்க சார்” என்றாள் ஜக்கம்மாள். “அவுகளுத நாங்கதான் சேத்துக்கிட்டோம்.”

அதிகாரி தலையாட்டி, விடுதியின் கழிவு ஜக்கம்மாள் வீட்டுச் சேம்பரில் அவர் சம்மதத்தோடு சேர்க்கப்பட்டுள்ளது என்று எழுதி நீட்டினார். அதன் கீழே ஜெயமுருகன் கையெழுத்துப் போட்டார்.