பூந்தொட்டியைத் தாண்டி

ஸ்பீக்கரம்மாவின் வீட்டுக்காரர் மருத்துவ அறிக்கையை வாசிக்கத் தொடங்கினால், எதிர்க் கட்டடத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். காலமெல்லாம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்து, லாரி எஞ்சினோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டை அது. தெருவில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவர் புண்ணியத்தில் ஸ்பீக்கரம்மாவின் கொழுப்புச் சத்து என்ன, ரத்த அழுத்தம் என்ன என்பதெல்லாம் தெருவுக்கே மனப்பாடம். பேப்பர் போடுகிறவர்கூடப் படியேறி வந்து, "பரவாயில்லையேம்மா, போன தடவைக்கு இப்போ இறங்கியிருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சத்தத்தையாவது ஜன்னலைச் சாத்திச் சமாளிக்கலாம். பிரேக்கை என்ன செய்வது?

பயிற்சிக் காரில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும் அல்லவா? மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய வலது கால் மட்டும் ஓய்வு பெறவில்லை. பேருந்தில் உட்கார்ந்தால் மிதிக்கும். யாராவது மாடிப்படியில் வேகமாக இறங்கினால் மிதிக்கும். தொலைக்காட்சியில் கதாநாயகன் அவசரப்பட்டுத் தாலி எடுத்தால்கூட மிதிக்கும். அறிக்கையில் ஏதாவது கெட்ட எண் எதிரே வந்துவிட்டால் போதும், தரையில் செருப்பு 'சர்ரக்' என்று தேயும். அப்புறம், "எல்லாம் நார்மல்தாம்மா."

அப்படி அவர் நார்மலாக்கிய சர்க்கரையைத்தான் மருத்துவர் அடுத்த வாரம் பார்த்துவிட்டு, "இதோட எப்படிம்மா நடமாடறீங்க?" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரம்மா நடத்திய பூசையில் பல்லி சுவரை விட்டு ஓடியது.

"நீ பயந்துடுவியேன்னுதாம்மா..."

"என் உடம்புக்கு நான்தாங்க பயப்படணும். அதையும் நீங்களே வாங்கி வச்சுக்கிட்டா எப்படி?"

ஸ்பீக்கரம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் குரலைக் கேட்டால் தாமதமாக வரும் ரயில்கூட வெட்கப்பட்டு வேகம் கூட்டும் என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு கண்ணழுத்த நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விட்டது. கொண்டுபோகட்டும் என்று அவர் மடிக்கணினியில், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டார். ஆண்குரல். அதற்கு அவர் வைத்த பெயர் கொழுந்தனார். "இந்த வீட்டுல நிறுத்துன்னா நிறுத்தற ஒரே ஆம்பளை இவன்தான்" என்று மாஸ்டர் காதுபடவே சொல்வார்.

அந்த வருடம் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு பொதுச் சுகாதாரச் சேவையின் இணையதளத்தில் வரும், சில வாரமாகும் என்றார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் டாக்சியில் மாஸ்டரின் கால் மிதித்த மிதியில் தரைவிரிப்பே கிழிந்திருக்கும்.

ஸ்பீக்கரம்மா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். இதை நான்தான் முதலில் கேட்கவேண்டும். நல்லதோ கெட்டதோ, சர்ரக் இல்லாமல் கேட்கவேண்டும்.

மறுநாள் மாஸ்டர் நடைப்பயிற்சிக்குப் போனதும் கொழுந்தனாரை எழுப்பி அந்த இணையதளத்துக்குள் அனுப்பினார். உள்ளே போன கொழுந்தனார் திக்குவாயாகிவிட்டார்.

"பட்டன். பட்டன். படம். பட்டன். இணைப்பு. பட்டன்."

எந்தப் பட்டன் எதற்கு என்று ஒன்றுக்கும் பெயரில்லை. குருட்டாம்போக்கில் ஒன்றை அழுத்தினால் நாய்க்கடி ஊசி பற்றிய பக்கம் வந்தது. இன்னொன்றை அழுத்தினால் பிரசவத்துக்கு வாழ்த்துச் சொன்னது. கடைசியில் நுழைவுப் பக்கத்தைக் கண்டுபிடித்தபோது, "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய, படத்தில் தெரியும் எழுத்துகளை உள்ளிடவும்" என்றார் கொழுந்தனார்.

"நான் மனுஷின்னு என் மாமியாரே ஒத்துக்கிட்டுப் போய்ச் சேர்ந்தாங்க. இதுக்கு நிரூபிக்கணுமாம்!" என்று உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, ரொம்ப ஈஸி. வலது பக்கம் மேல பச்சையா ஒரு பட்டன் இருக்கு பாருங்க" என்றது மறுமுனை.

"பார்த்துட்டேன்னே வச்சுக்கோங்க தம்பி. அது பச்சையா நீலமான்னு கொழுந்தனாரைக் கேட்டேன், வாயே திறக்க மாட்டேங்கறான்."

மறுமுனைக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் அந்தக் கொழுந்தனார் என்று விசாரித்து, விஷயம் புரிந்து, பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டு, புகாரை மேலே அனுப்பியது. புகாரென்றால் கிணற்றில் போட்ட கல் என்றுதான் ஸ்பீக்கரம்மா நினைத்தார். ஆனால் அந்த வாரமே இணையதளத்தைக் கட்டும் குழுவின் தலைவி பேசினாள். "அம்மா, ஒரு தடவை எங்க ஆபீசுக்கு வர முடியுமா? நீங்க எங்கெங்க முட்டிக்கறீங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து கேட்கணும். வண்டி அனுப்பறோம்."

வீட்டில் "பழைய சிநேகிதியைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குளிர்சாதனம் போர்வை கேட்கும் அறை, காபி வாசனை, நான்கைந்து பேர் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வந்து சூழ்ந்தார்கள். கொழுந்தனாரை ஸ்பீக்கரம்மா எப்போதும் ஓட்டும் வேகத்தில் விட்டார். அது பச்சை மிளகாயைக் கடித்த கிளி பேசுவது போலிருக்கும்.

"அம்மா, இது தமிழா?" என்றார் ஒருவர். படங்கள், வண்ணங்களெல்லாம் அவர் பொறுப்பு. அலுவலகத்தில் அவரை ஓவியர் என்பார்கள்.

"தமிழ்தான் தம்பி. உங்க காது இன்னும் பாசஞ்சர் வண்டியிலயே போயிட்டிருக்கு."

சிரித்துச் சிரித்து வேலை நடந்தது. அவர் தடுக்கி விழும் ஒவ்வோர் இடத்தையும் தலைவி குறித்துக்கொண்டாள். ஒரு பட்டன் பெயரில்லாமல் நின்றால், "அய்யய்யோ, இது நான் பண்ணதும்மா" என்று யாராவது தாமாகவே கையைத் தூக்கினார்கள். அதுதான் ஸ்பீக்கரம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. கிளம்பும்போது தலைவி அவருடைய கணக்கில் இருந்த மாஸ்டரின் கைபேசி எண்ணை எடுத்துவிட்டு அவர் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். "முடிவு வந்தா இனிமே உங்களுக்குத்தாம்மா முதல்ல சேதி வரும்."

இணையதளம் புது உடுப்பில் வெளியான மூன்றாம் நாள், காலைச் சமையல் முடிந்த நேரத்தில், கைபேசி கூவியது. "உங்கள் பரிசோதனை முடிவு வந்துள்ளது."

மாஸ்டர் கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வாங்க."

"உப்பு டப்பா நிறைய இருக்கேம்மா."

"அது பழைய உப்பு."

"உப்பு எப்பம்மா பழசாச்சு? கடலே பழசுதானே?"

"போவீங்களா மாட்டீங்களா?"

செய்தித்தாள் மடியும் சத்தம். பிறகு செருப்பு மாட்டும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். ஸ்பீக்கரம்மா மடிக்கணினியைத் திறந்தார். என்ன ஆச்சரியம், பட்டன்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள்! 'நுழைக', 'என் முடிவுகள்', 'திரும்பிச் செல்க'. எழுத்துப் புதிர் போய், கைபேசிக்கு ரகசிய எண் வந்தது. சமர்த்தாக உள்ளே நுழைந்து, முடிவுப் பக்கத்தைத் தொட்டார். கொழுந்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"படம். வெள்ளை மேலங்கி அணிந்த பெண் மருத்துவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கனிவாகப் புன்னகைக்கிறார். முத்துப் போன்ற பற்கள். பின்னால் ஜன்னல். ஜன்னல் ஓரத்தில் பூந்தொட்டி. தொட்டியில் மஞ்சள் பூக்கள். ஒரு பூ மட்டும் இன்னும் மலரவில்லை."

"அடப்பாவி, முடிவைச் சொல்லுடா!"

"படம். நீல நிறக் கோடு. அமைதியைக் குறிக்கிறது. படம். இன்னொரு நீல நிறக் கோடு. மேற்படி."

படங்களுக்குப் பின்னால் விளக்கம் எழுதி வைத்தால் கொழுந்தனார் அதைப் படிப்பார் என்று அலுவலகத்தில் கற்றுக்கொண்ட ஓவியர், அன்பு தாங்காமல், பக்கத்துக்கு அழகு சேர்க்கும் இலை தழைக்கெல்லாம் புராணம் எழுதி வைத்துவிட்டார். தாவிப் போகலாமென்றால் அவசரத்தில் தவறான விசை பட்டு, மறுபடி முத்துப் பற்களிலிருந்து ஆரம்பம். இரண்டாம் முறை பூந்தொட்டியைத் தாண்டும்போது, "நேரம் முடிந்தது. பாதுகாப்புக் கருதி நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்" என்றார் கொழுந்தனார்.

ஸ்பீக்கரம்மாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தலைவிக்குப் போன் போட்டார்.

"என் கட்டிக்கு முடிவு வந்திருக்கு கண்ணு. பூந்தொட்டியைத் தாண்டி என்னால போக முடியல."

அந்தப் பக்கம் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. "ஓவியரே, பூவையெல்லாம் பிடுங்குங்க! கோட்டுக்கு எதுக்குய்யா விளக்கம்? நேரக் கெடுவை நான் நீட்டறேன்!" என்று தலைவி கத்தினாள். "அம்மா, ஒரு காபி குடிக்கற நேரம் குடுங்க. போனை வைக்காதீங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."

"மன்னிச்சிருங்கம்மா, உங்களுக்கு எதுவும் விட்டுப் போகக் கூடாதுன்னுதான்..." என்று ஓவியரின் குரல் தழுதழுத்தது.

"தெரியும் தம்பி. பூ நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கு வந்து பார்த்துக்கறேன்."

காத்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வாசல் கதவுக்கு வெளியே. சர்ரக். சர்ரக்.

மாஸ்டர் உப்போடு திரும்பிவிட்டிருந்தார். பழைய உப்பு என்றதுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவி அவர் பையில்தான் இருந்தது. ஆனாலும் மனிதர் கதவைத் திறக்கவில்லை, மணியை அடிக்கவில்லை. அந்தப் பெரிய வாயைக் கட்டிக்கொண்டு, படிக்கட்டருகே நின்று, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரம்மாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று.

"போட்டாச்சும்மா, இப்போ பாருங்க" என்றாள் தலைவி.

மறுபடி உள்ளே நுழைந்தார். மருத்துவர் இல்லை, பற்கள் இல்லை, பூ இல்லை. கொழுந்தனார் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பரிசோதனை முடிவு. புற்றுநோய்ச் செல்கள் காணப்படவில்லை. கட்டி தீங்கற்றது. ஆறு மாதத்தில் மறுபரிசோதனைக்கு வரவும்."

இன்னொரு தரம் கேட்டார். வேகத்தைக் குறைத்து, பாசஞ்சர் வண்டி போல நிதானமாக, மூன்றாம் தரமும் கேட்டார். போனில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய் முதலில் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. ஒண்ணுமில்லையாம். நார்மல்."

மாஸ்டர் அசையவில்லை. "நார்மல்" என்ற சொல்லின் சூட்சுமம் உலகத்திலேயே அவருக்குத்தானே தெரியும்!

"என்கிட்டயேவாம்மா?" என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்ததே இல்லை. "நான் பயந்துடுவேன்னு சொல்றே."

"நான் என்ன உங்களை மாதிரியா? போய் நீங்களே படிங்க."

உப்புப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போய் மடிக்கணினிமுன் உட்கார்ந்தார். படித்தார். மறுபடி மறுபடி படித்தார் போலிருக்கிறது; வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஓர் அழுகை, எதிர்க் கட்டடத்தில் அடுப்புகள் அணைந்தன.

ஸ்பீக்கரம்மா போனைக் கையில் எடுத்தார். "கண்ணு, ஸ்பீக்கர்ல போடு. எல்லாருக்கும் கேக்கணும்." முதுகை நிமிர்த்தி, ஓய்வு பெற்ற நாளிலிருந்து உறையில் போட்டு வைத்திருந்த குரலை வெளியே எடுத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கவலையூரிலிருந்து புறப்பட்ட வண்டி, பூந்தொட்டிச் சந்திப்பில் சற்றே தாமதித்து, பத்திரமாக வந்து சேர்ந்தது. தண்டவாளம் போட்டுக் கொடுத்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும், பூ வைத்த தம்பிக்கும், ஒரு கிழவியின் நன்றி. நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்."

மறுமுனையில் கைதட்டலா அழுகையா என்று பிரிக்க முடியாத ஓர் இரைச்சல் எழுந்தது. அதற்குள் பின்னாலிருந்து மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அவங்ககிட்ட சொல்லும்மா, எழுத்தெல்லாம் ஒரே மங்கலா கலங்கலா இருக்கு. ஒண்ணும் தெரியல" என்றார்.

"ஒரு நிமிஷம் கண்ணு" என்றார் ஸ்பீக்கரம்மா. "கண்ணு தெரியறவருகிட்டேயிருந்து ஒரு புகார் வந்திருக்கு. எழுதிக்கோ."