பதினெட்டாவது கிலோமீட்டர்

எரிமலை வெடித்த பத்தொன்பதாம் நாள் அதன் தூசி அவள் தலைக்கு மேலே வந்து சேர்ந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும். லேசர் ஒளியை மேலே பாய்ச்சி வானத்துத் தூசியை அளப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் பிழைப்பு.

அந்த மலையைக் கண்காணித்தவன் அவளுடைய தம்பி. வாய் ஓயாதவன். "நீ அண்ணாந்து பாரு, நான் குனிஞ்சு பாக்கறேன். ரெண்டு பேருக்கும் கழுத்து வலிதான் மிச்சம்" என்பான். வெடித்த அன்று உச்சியில் இருந்த கருவிக்கு பேட்டரி மாற்றப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அம்மா நம்ப மறுத்தாள். "எங்கயாவது மாட்டிக்கிட்டிருப்பான், வந்துடுவான்" என்பாள். இல்லை என்று சொல்ல மகளுக்கு வாய் வரவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க மேடம், இன்னிக்கு நான் பாத்துக்கறேன்" என்றார் கூட வேலை செய்யும் இன்ஜினியர்.

"போய் என்ன பண்றது?" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் விமானக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்து லேசர் பாய்ச்ச அனுமதி வாங்கினாள். கூரைக் கதவைத் திறக்கும்போது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அம்மா இறங்கினாள்.

"அவன் மலையிலேர்ந்து தூசி வந்திருக்காமே. நியூஸ்ல சொன்னாங்க. எனக்குக் காட்டு."

பச்சை ஒளி நூல் பிடித்தாற்போல் மேலே ஏறியது. திரையில், பதினெட்டு கிலோமீட்டர் உயரத்தில், எப்போதும் வெறிச்சென்று கிடக்கும் இடத்தில் ஒரு தடித்த பட்டை.

"இதா?"

"இதுதாம்மா."

"மலையே தூளாயிடுச்சா?"

"உச்சி முழுக்க."

"அவன் நின்ன எடம்?"

கண்ணாடி துடைக்கும் சாக்கில் இன்ஜினியர் வெளியே போய்விட்டார்.

"அதுவும்தாம்மா."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்பக் கீழ வரும்?"

"ரொம்பப் பொடிசா இருக்கறது ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட மேலயே இருக்கும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் இறங்கும்."

"எங்க விழும்?"

"சொல்ல முடியாதும்மா. உலகம் பூரா."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப அவன் இல்லதான்" என்றாள்.

பத்தொன்பது நாளாக அழாத மகள் அப்போதுதான் உடைந்தாள். மேஜையில் முகம் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல, "எழுந்திரும்மா. அளந்து முடி. சேந்தே வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் மறுபடி திரையின் முன் உட்கார்ந்தாள். இன்னும் நாற்பது நிமிட வேலை இருந்தது.