சொந்த டம்ளர்

சூடான டீயை ஊற்றிய மறுகணமே தேன்மொழியின் கையிலிருந்த பிளாஸ்டிக் டம்ளர் குழைந்து வளைந்தது. டீ அவள் தொடையில் கொட்டியது. துடித்து எழுந்தாள்.

"ஒரு டம்ளர் ஒழுங்கா செய்யத் தெர்ல, மிஷின் கத்துக்கினு கம்பெனிக்குப் போவப்போறாளாம்!" என்றாள் ரத்தினம்மா. அவள் கவலையெல்லாம் நாற்காலியில் தெறித்த டீயைப் பற்றித்தான். துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

அவள் மகன் முரளிதரன் அமெரிக்காவில் சம்பாதித்தது போதுமென்று, புத்தூரை முன்னேற்றத் திரும்பி வந்த மகான். வீட்டுக் கூடத்தில் ஒரு த்ரீடி பிரிண்டர் வைத்தான். கம்ப்யூட்டரில் வரைந்த பொருளை, பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகச் செய்து தரும் இயந்திரம். 'ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம், நினைத்ததைச் செய்யலாம்' என்று தமிழிலும் தெலுங்கிலும் போர்டு மாட்டினான். காலனியிலிருந்து தேன்மொழி வருவாள் என்று மட்டும் அவன் நினைக்கவில்லை. ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அவளுக்கு இயந்திர வேலைக்கு மாற வேண்டுமென்று ஆசை.

விரட்டினால் பெயர் கெடும். சேர்த்தால் அம்மா எதில் டீ கொடுப்பாள்? அந்த மேதை வழி கண்டுபிடித்தான். முதல் பாடமே டம்ளர். அவரவர் செய்த டம்ளரில் அவரவர் குடிப்பது. மற்றவர்கள் செய்தவை அலமாரியில் அழகுக்கு நின்றன, அவர்களுக்கு எவர்சில்வரில் டீ வந்தது. தேன்மொழிக்கு மட்டும் பாடம் தொடர்ந்தது.

"சார், இந்தப் பிளாஸ்டிக்கு சூடு தாங்காதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" வளைந்த டம்ளரை முரளிதரனிடம் நீட்டிக் கேட்டாள் தேன்மொழி.

"தெரியும்மா. நாளைலேர்ந்து ஒனக்கு ஆறவச்சிக் குடுக்கச் சொல்றேன்."

தொடை எரிந்ததைவிட இது எரிந்தது அவளுக்கு. தட்டில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்றை எடுத்தாள். டீ ஊற்றி, வாய் வைத்து, நிதானமாகக் குடித்தாள். முரளிதரன் இயந்திரத்தில் ஏதோ கோளாறு பார்ப்பவனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். முற்றத்துக் குழாயில் டம்ளரைக் கழுவி, மற்றவற்றோடு அவள் கவிழ்த்தபோது ரத்தினம்மா வந்துவிட்டாள்.

"அடிப்பாவி, எதுல குடிச்ச? எந்த டம்ளரு?"

"கழுவிட்டேம்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்குது, எனுக்கே தெர்ல."

அன்றே அத்தனை டம்ளர்களும் சாக்கில் ஏறின. பழைய பாத்திரக்கடைக்குச் சாக்கைச் சுமந்தவன் முரளிதரன்தான்.

மறுநாள் யாருக்கும் டீ இல்லை. அமெரிக்காவில் வகுப்பில் டீ கொடுப்பதில்லை என்று விளக்கம் வேறு சொன்னான். தேன்மொழி நாற்காலியை இழுத்துப்போட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

"டம்ளர் போதும் சார். அடுத்த பாடம் சொல்லுங்க."