வண்டியின் அடியில் கிடந்த கோப்புகள்

மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு வெர்னா ஹால்வர்சன் கோப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவாள். அதன் முன்சக்கரம் போடும் கிரீச்சல் பக்கத்து மாவட்டத்துப் பசுக்களுக்கே கேட்கும். மேப்பிள் ஃபோர்க் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியின் நடைபாதை அவ்வளவு நீளம். ஒரு கோடியில் ஆவண அறை, மறுகோடியில் குழு கூடும் அறை. வண்டியில் அறுபத்தொரு கோப்புகள். கோப்புக்கு ஒரு பையன். யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை இன்னும் வைத்திருக்கலாம் என்று மூன்று பேர் அன்று மதியத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று பேரில் முதலாமவர் கண்காணிப்பாளர் ப்ரூபேக்கர். பன்னிரண்டு மணி அடித்தால் அவர் வயிறும் அடிக்கும். இரண்டும் ஒரு நொடிகூட முன்பின் ஆனதில்லை என்பதால் தபால்காரர் தன் கைக்கடிகாரத்தை அவரைப் பார்த்துத்தான் திருத்திக்கொள்வார். இரண்டாமவர் பாதிரியார் லிண்ட்க்விஸ்ட். ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கிவைத்து, அதே ஜெபத்தின் தொடர்ச்சிபோலக் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாமவர் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேராசிரியர் எல்டன் ப்ரெவிட். சிறுவர் குற்றவியலில் அவர் எழுதிய புத்தகம் அரைக்கிலோ எடை. நாட்டில் பாதிச் சீர்திருத்தப் பள்ளிகளில் அதை வேதமாக வைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

வெர்னா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ப்ரூபேக்கர் சொன்னார்: "புதுசா வந்த கோப்பை மேல வைம்மா. பையன் மூஞ்சி ஞாபகம் இருக்கிறப்பவே பாத்துடலாம்."

அன்றிலிருந்து பதினோரு வருடமாக மேலே வைத்தாள். குழு மேலிருந்து எடுக்கும். மதியத்துக்குள் இருபது கோப்பு ஓடும். பன்னிரண்டுக்கு நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படும். மீதி நாற்பத்தொன்றும் அதே வண்டியில், அதே கிரீச்சலோடு ஆவண அறைக்குத் திரும்பும். அடுத்த மாதம் அவற்றின் தலையில் புதுக் கோப்புகள் ஏறி உட்காரும்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பையனுக்கும் மாதாமாதம் ஒரு படிவம் தலைநகரத்துக்குப் போக வேண்டும். 1951-ல் அச்சடித்த படிவம். அதில் இரண்டே கட்டங்கள்: 'விடுதலைக்குத் தயார்', 'தயாரில்லை'. கோப்பைப் பிரிக்கவே இல்லை என்று சொல்லக் கட்டம் கிடையாது. காலியாக விட்டால் தலைநகரத்து அலுவலகம் சிவப்பு மையில் திட்டித் திருப்பி அனுப்பும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு வெர்னா நாற்பத்தொரு படிவங்களிலும் 'தயாரில்லை'யில் ஒரு டிக் போட்டு, உறையில் திணித்து, ஒட்டி அனுப்பிவிடுவாள். ஒட்டி ஒட்டி அவள் நாக்குக்குப் பசையின் ருசி தவிர வேறு ருசி மறந்திருந்தது.

இடையில் அவள் சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்ததும் நாற்பது மைல் காரோட்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போய் இளங்கலை முடித்தாள், முதுகலை முடித்தாள். நாற்பத்து நான்கு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டாள். வகுப்பில் பலர் அவளைப் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவளும் உட்காரச் சொல்லிக் கையசைப்பாள். வழிகாட்டி, அதே ப்ரெவிட்.

ப்ரெவிட்டின் புகழுக்கெல்லாம் காரணம் 'கெட்டிப்பட்ட பையன்கள்'. நான்கு முறைக்குமேல் 'தயாரில்லை' வாங்கிய பையன் உள்ளுக்குள் கெட்டிப்பட்டுவிட்டான், அவனுக்கு நீண்ட காவல்தான் மருந்து என்பது அவர் கொள்கை. அதை இன்னும் பெரிய கணக்கெடுப்பில் உறுதி செய்வதுதான் வெர்னாவுக்குக் கொடுத்த வேலை.

அவள் ஆயிரத்து நூற்று நாற்பது கோப்புகளின் விவரங்களைக் கணிப்பொறி படிக்கும் அட்டைகளில் துளைகளாக இட்டாள். வயது, குற்றம், சண்டை, பள்ளி மதிப்பெண், குடும்பம் எல்லாவற்றையும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவளே தட்டச்சு செய்த வரிசைத் தாள்கள் பதினோரு வருடமாக அலமாரியில் இருந்தன. விட மனமில்லாமல், வண்டியில் எத்தனையாவது கோப்பு என்பதையும் ஒரு துளையாகச் சேர்த்தாள். பல்கலைக்கழகக் கணிப்பொறி மாட்டுக்கொட்டகை அளவு. மூன்று மணி நேரம் உறுமிவிட்டு ஒரு தாளைத் துப்பியது.

வெர்னா தாளை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். ஒரு பையன் எத்தனை மாதம் உள்ளே இருந்தான் என்பதற்கும் அவன் செய்த குற்றத்துக்கும் சம்பந்தமில்லை. வயதுக்கும் இல்லை, சண்டைக்கும் இல்லை. வண்டியில் அவன் கோப்பு எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதற்கு மட்டும்தான் இருந்தது.

"என்ன இது, தள்ளுவண்டி ஆராய்ச்சியா?" என்றார் ப்ரெவிட் தன் அறையில், தாளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "டாக்டர் பட்டத்துக்கு இதை எழுதினா என்னை ஊரே கேலி பண்ணும், வெர்னா."

"எண்ணு அப்படித்தான் சொல்லுது, டாக்டர்."

"எண்ணு ஆயிரம் சொல்லும். டேரல் மெக்கிபன்னு ஒரு பையன், பாரு. இருபத்தொன்பது தடவை அவனைத் தயாரில்லைன்னு ஒரு குழு சொல்லியிருக்கு. இதுக்கு மேல என்ன கெட்டிப்படணும்?"

"குழு ஒரு தடவைகூடச் சொல்லலை, டாக்டர். அந்தக் குழுவுல நீங்களும்தான் இருந்தீங்க. அவன் வந்த மாசம் புதுப் பையன்களே இருபதுக்கு மேல. அவன் கோப்பை யாரும் பிரிச்சதே இல்லை."

"அப்ப அந்த டிக்?"

"நான் போட்டது."

ப்ரெவிட் புகைக்குழாயைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி செலவழித்தார். "இதைச் சொன்னா பழி உன் தலையிலதான் விழும். தெரியுதா? பதினோரு வருஷமா ஒரு குமாஸ்தா இஷ்டத்துக்கு டிக் போட்டாள்னு பத்திரிகைக்காரன் எழுதுவான். ப்ரூபேக்கர் அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடுவார்."

"தெரியும்."

"சரி, ஆராய்ச்சியாவே பேசுவோம். அடியில இருந்ததால அவங்க தங்கினாங்களா? இல்லை, மோசமானவங்கங்கிறதால அடிக்குப் போனாங்களா? இதுக்குப் பதில் சொல்லு, கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடு. ஏப்ரல்ல கெடு."

கேள்வி நியாயமானது என்பதுதான் வெர்னாவுக்கு எரிச்சல். வீடு வரும் நாற்பது மைலும் யோசித்தாள். தானியக் கிடங்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஒலியெழுப்பிக்கொண்டே தாண்டிப் போகும்போது, அவள் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தான்.

மார்ச் மாத முதல் வியாழனுக்கு முன்தினம் சமையலறைக்குப் போனாள். தலைமைச் சமையல்காரி ஓப்பல் டியர்னி ஒரு குளியல்தொட்டி அளவு பாத்திரத்தில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள்.

"ஓப்பல், நாளைக்குக் குழுவுக்குச் சாப்பாட்டை மாடிக்கே அனுப்ப முடியுமா?"

"உனக்கென்ன பைத்தியமாடி? அந்த ப்ரூபேக்கர் மனுஷன் கீழ சாப்பாட்டு அறையில, கோழியும் நூடுல்ஸும் போட்ட தட்டு முன்னால ஆடாம அசையாம உக்காரணும். கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி உக்காந்திருக்க மாட்டார்."

"பன்னிரண்டு அடிக்க அஞ்சு நிமிஷம் முன்னால அனுப்பு. வாசனை கதவுக்கு அடியில வரணும். எழுந்திருக்கத் தோணக்கூடாது."

ஓப்பல் மத்தை நிறுத்தினாள். "என்ன திருட்டுத்தனம் பண்ணப்போறே?"

"வண்டியைக் கவுக்கப்போறேன்."

"வேலை போயிடும்டி."

"போனா உனக்கு உருளைக்கிழங்கு உரிக்க வர்றேன்."

"ஒனக்கு உரிக்கத் தெரியாது. போன கிறிஸ்துமஸ்ல பாத்தேனே, பாதிக் கிழங்கு தோலோட போச்சு." சொல்லிவிட்டு ஓப்பல் மறுபடி மசிக்கத் தொடங்கினாள். "ஆப்பிள் பையும் சுட்டுச் சேத்து அனுப்புறேன். எதுக்கும் இருக்கட்டும்."

மறுநாள் காலை வெர்னா அறுபத்தொரு கோப்புகளையும் எடுத்து, அடியில் இருந்ததை மேலே வைத்து, மேலே இருந்ததை அடியில் வைத்து அடுக்கினாள். புது வரிசைத் தாள் தட்டச்சு செய்தாள். கோப்பை அடுக்குவது அவள் வேலை. எப்படி அடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. முந்தின நாளே தேடிப் பார்த்துவிட்டாள்.

பாதிரியார் ஜெபித்தார், கண்ணை மூடிக்கொண்டார். ப்ரூபேக்கர் முதல் கோப்பைப் பிரித்தார். வெர்னா மூலையில் குறிப்பெடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பென்சில் நழுவிக்கொண்டே இருந்ததால் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மெக்கிபன், டேரல்," என்று படித்தார் ப்ரூபேக்கர். "பதின்மூணு வயசுல வந்திருக்கான். பக்கத்து வீட்டு டிராக்டரை ஓட்டிக்கிட்டுப் போய்க் குளத்துல இறக்கிட்டான். இங்க சண்டை ஒண்ணுகூட இல்லை. தச்சுப் பட்டறையில நல்ல பேரு. அம்மா மாசத்துக்கு ரெண்டு கடுதாசி போடுறாங்க." பக்கத்தைத் திருப்பினார். "இவன் ஏன் இன்னும் இங்க இருக்கான்?"

பாதிரியார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தயார்தான்," என்றார் ப்ரெவிட், கோப்பின் எண்ணைக்கூடப் பார்க்காமல். அவர் புத்தகத்தில் பையன்களுக்குப் பெயர் கிடையாது, அட்டவணைதான். அவளிடம் அந்தப் பெயரைத் தாமே சொல்லிக் காட்டியதும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

அடுத்த கோப்பு. அடுத்தது. தயார். தயார். ப்ரூபேக்கரின் குரல் போகப் போகத் தாழ்ந்தது. "இவன் கேஸ் என்ன, நாலு கோழியா? நாலு கோழிக்கு ரெண்டரை வருஷமா?" என்று ஒருமுறை தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு இருபது கோப்பு முடிந்தபோது பதினேழில் 'தயார்' விழுந்திருந்தது. பதினேழிலும் ப்ரெவிட்டின் கையெழுத்து சுழித்து நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு அடியில் கோழி வாசனை வந்தது. ஓப்பல் தானே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ப்ரூபேக்கர் எழுந்திருக்கப் போனவர் பாதியில் நின்றார்.

"யார் இங்க கொண்டுவரச் சொன்னது?"

"நான்தான், சார்," என்றாள் வெர்னா. எழுந்து நின்றாள். "மீதி நாற்பத்தொண்ணு இருக்கு. இதுவரைக்கும் நீங்க பாத்தது எல்லாம் அடியில கிடந்த கோப்பு. வண்டியை நான் கவுத்துட்டேன்."

அறையில் நூடுல்ஸின் ஆவி மட்டும் அசைந்தது.

"டாக்டர்," என்று அவள் ப்ரெவிட் பக்கம் திரும்பினாள், "மோசமானவங்கங்கிறதால அடிக்குப் போனாங்களான்னு கேட்டீங்க. இந்தப் பதினேழு பேரும் உங்க புத்தகத்துல அட்டவணை ஆறு. கெட்டிப்பட்டவங்க. இப்ப நீங்களே பிரிச்சுப் பாத்து, நீங்களே தயார்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ப்ரெவிட் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து எண்களைப் பார்த்தார். காது மடலில் தொடங்கிய சிவப்பு கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது. வெளியே பையன்கள் பனி அள்ளும் மண்வாரிச் சத்தம் கேட்டது.

"அப்ப மாசாமாசம் 'தயாரில்லை'ன்னு டிக் போட்டது யாரு?" என்றார் ப்ரூபேக்கர்.

"நான், சார். பதினோரு வருஷமா. படிவத்துல வேற கட்டம் இல்லை. பிரிக்காத கோப்புன்னு எழுத இடமே இல்லை."

ப்ரூபேக்கர் தன் தட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பன்னிரண்டு மணி அடித்தது. அந்தப் பள்ளியின் சரித்திரத்தில் முதல்முறையாக மணி அடித்தும் அவர் முள்கரண்டியை எடுக்கவில்லை.

"புதுசை மேல வைன்னு சொன்னது நான்தானே," என்றார்.

"ஆமா, சார்."

"அடுத்த கோப்பை எடும்மா. சாப்பிட்டுக்கிட்டே பாப்போம். ஓப்பல், காபி கொண்டா. நிறைய கொண்டா."

பாதிரியார் அன்று மாலைவரை கண்ணை மூடவே இல்லை. அந்த அதிர்ச்சியில் அடுத்த ஞாயிறு அவருடைய பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்து சபையே ஸ்தம்பித்துப்போனதாகச் சொல்வார்கள். ஐந்தே முக்காலுக்குக் கடைசிக் கோப்பை மூடினார்கள். முப்பத்தாறு பையன்கள் தயார். நூடுல்ஸ் தட்டுகளில் ஆறி ஓடுபோல் இறுகிக் கிடந்தது. ஆப்பிள் பை மட்டும் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை.

ப்ரெவிட் ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார். மாநாடுகளில் 'நாங்கள் கண்டுபிடித்தது' என்று பேச அவருக்கு ஆறு மாதம்தான் பிடித்தது. படிவத்தில் மூன்றாவது கட்டம் அச்சாக இரண்டு வருடம் பிடித்தது. ஆறு வருடம் கழித்து ப்ரூபேக்கர் ஓய்வுபெற்றபோது, டாக்டர் வெர்னா ஹால்வர்சன் அதே அறையில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு அப்புறம் அவள் எழுதிய புத்தகம் ப்ரெவிட் புத்தகத்தைவிட நூறு கிராம் கூடுதல். ஓப்பல் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துச் சொன்னது.

அதெல்லாம் பின்னால். அந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை காலை, முதல் பதினேழு பேரை ஊருக்கு ஏற்றிப்போகப் பேருந்து வாசலில் வந்து நின்றது. உடைமை அறையில் வெர்னாதான் கையெழுத்து வாங்கினாள். வந்த அன்று கழற்றி வைத்த சட்டையும் கால்சட்டையும் காலணியும் பழுப்புக் காகிதப் பைகளில் பெயர் எழுதி மடித்து வைத்தபடியே இருந்தன. பையன்கள் பிரித்துப் பிரித்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவனுடைய சட்டைக்குள் தலையே நுழையவில்லை. ஒருவன் தன் சட்டையைக் கழுத்தில் சால்வையாகச் சுற்றிக்கொண்டான்.

டேரல் மெக்கிபனின் கால்சட்டை முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றுபோனது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து, நீலக் கோடு போட்ட ஒரு ஜோடி ஓட்டப்பந்தயக் காலணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பள்ளிக்கூட ஷூவையே போட்டுக்கிட்டுப் போகலாமா, மிஸ் வெர்னா?"

"அது அரசாங்கச் சொத்து. வாங்கி வைக்கணும்னு சட்டம்." அவள் தன் பையைத் திறந்து, கார் சாவியைத் தேடினாள். "இரு, கடை ஒன்பதுக்குத் திறக்கும், ஒரு ஓட்டம் ஓடி..."

"பஸ் எட்டரைக்குப் போயிடும் மேடம். பரவாயில்லை, பாருங்க." பின்பட்டையை மிதித்து மடக்கி, கால்விரல்களை மட்டும் உள்ளே நுழைத்துக்கொண்டான். எழுந்து இரண்டு முறை குதித்துக் காட்டினான். "பாத்தீங்களா, ஓடவே ஓடுவேன்."

காகிதப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடவும் செய்தான். முந்தின இரவு விழுந்த பனி யாரும் மிதிக்காமல் வெள்ளையாகக் கிடந்தது. பேருந்தின் படிவரைக்கும் அவன் போன தடம் நேராகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு தடத்திலும் முன்பக்கம் ஒரு சின்னப் பையனின் காலணி, அதற்குப் பின்னால் நாலு விரற்கடை தள்ளி, வெறும் காலுறையில் ஒரு வளர்ந்த ஆளின் குதிகால்.